மடிக்கணினியின் மூன்று மடி

கடலோர ஊரான கிள்ளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பழைய மடிக்கணினி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அடியில் இரண்டு தாழ்ப்பாள்கள். தள்ளினால் பேட்டரி கழன்று கையோடு வருகிறது.

'மடிக்கணினி' என்ற சொல்லில் மடியில் வைப்பதும் உண்டு, மடிப்பதும் உண்டு. கணினிக்கு இவை ஒரே நாளில் கைகூடவில்லை.

1981-இல் வந்த ஆஸ்போர்ன்-1 தையல் மிஷின் பெட்டி அளவு. எடை 11 கிலோ, திரையோ 5 அங்குலம்தான். பேட்டரி இல்லை. தூக்கிப் போகலாம், தொடையில் வைக்க முடியாது. உள்ளே படக்குழாய் இருந்ததால் மடிக்கவும் வழியில்லை. மறு ஆண்டே தட்டைத் திரையோடு கிரிட் காம்பஸ் வந்தது. பில் மாக்ரிட்ஜின் வடிவமைப்பு. உப்பனாற்று மட்டி வாய் மூடுவதுபோல, திரை விசைப்பலகைமேல் கவிழ்ந்தது. ஆனால் அதுவும் சுவர் பிளக்கை நம்பித்தான் ஓடியது. பேட்டரியும் மடிப்பும் சேர்ந்த தோஷிபா டி1100 வந்தது 1985-இல்.

அப்போதும் விசைப்பலகை முன்விளிம்பை ஒட்டியே இருந்தது. தட்டச்சு செய்பவரின் மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. 1991-இல் ஆப்பிளின் பவர்புக் விசைகளைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் வெற்றிடம் விட்டது. கை இளைப்பாற ஒரு திண்ணை! அதன் நடுவே சுட்டியை நகர்த்த ஓர் உருண்டை. 1994-இல் உருண்டை போய்த் தொடுபலகை வந்தது. இன்றைய மடிக்கணினியும் அந்தத் திண்ணையோடுதான் இருக்கிறது.

அதே 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குறைந்த எடையில் கூடுதல் மின்சாரம். கணினி இளைக்கத் தொடங்கியது. 2008-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் கணினியை உருவிக் காட்டினார். அந்த ஒல்லி உடம்புக்காகப் பேட்டரியை உள்ளே வைத்து மூடினார்கள், நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தார்கள். தாழ்ப்பாளுக்கு இடமில்லாமல் போயிற்று.

கிள்ளையின் உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பூக்கும். காற்றாடி ஈரத்தையும் தூசியையும் உள்ளிழுக்கும். இங்கே கணினியை அடிக்கடி திறந்து துடைக்க வேண்டும். திறக்க முடியாத கணினி மடியச் சின்னக் கோளாறே போதும். சொல்லில் ஒளிந்திருக்கும் மூன்றாவது மடி அதுதான்.

பேட்டரியைத் துடைத்துப் பொருத்தினேன். தாழ்ப்பாள் இரண்டும் 'டக்'கென்று விழுந்தன. திரை மெல்ல வெளுத்தது.