பாட்டியாரின் இரண்டு மாத்திரைகள்

வத்தலகுண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் நான்கு வளைவு திரும்பியதும், அதுவரை கலகலப்பாயிருந்த குடும்பங்களில் ஒரு மௌனம் குடிகொள்ளும். எலுமிச்சம்பழம் கை மாறும். ஜன்னலோர இடத்துக்குத் திடீரென்று மதிப்பு ஏறும். ஆகவே முன்யோசனையுள்ள இல்லத்தரசிகள், புறப்படும் முன்பே ‘அவோமின்’ வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவதுண்டு. நல்ல எண்ணந்தான். ஆனால் வீட்டுப் பாட்டியார், உடம்பில் அரிப்பு என்று சற்று முன்புதான் ‘அவில்’ ஒன்றை விழுங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிப்புக்கு ஒன்று, குமட்டலுக்கு ஒன்று. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றே எவரும் எண்ணுவர். மலைமேல் இறங்கும்போது பாட்டியாரின் கால் தள்ளாடுகிறது, நா வறள்கிறது, “இது எந்த ஊர்?” என்று பேரனைக் கேட்கிறார். வீட்டார் கலங்கிப் போகின்றனர்.

நடந்தது யாதெனில், பாட்டியார் சாப்பிட்ட மாத்திரைகள் இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அந்தக் குலத்தின் இரட்டைக் குணம் ஒரு சமயம் தற்செயலாக வெளிப்பட்ட வரலாறு சுவையானது.

1947-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், லெஸ்லி கே, பால் கார்லைனர் என்ற இரு டாக்டர்கள், தோல் தடிப்பால் வருந்திய ஒரு பெண்மணிக்குப் புதிய மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தனர். அந்த அம்மாளுக்கு டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டல் வரும். மருந்து சாப்பிட்டுவிட்டு ஏறினால் அந்தக் குமட்டல் வரவில்லை! டாக்டர்கள் இதை அலட்சியம் செய்யவில்லை. அடுத்த ஆண்டின் இறுதியில், நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ‘ஜெனரல் பாலூ’ என்ற துருப்புக் கப்பலில், சில சிப்பாய்களுக்கு மருந்தையும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்துச் சோதித்தனர். முடிவை 1949-ல் வெளியிட்டனர். அம்மருந்தே ‘டிராமமின்’. அதன் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாக இருப்பது டைபென்ஹைட்ரமின். அதாவது, 1946 முதல் அமெரிக்காவில் ஒவ்வாமைக்கு வழங்கி வந்த ‘பெனட்ரி’லின் சரக்கேதான்.

ஒரே மருந்து இரண்டு காரியம் செய்வது எப்படி? நம் உடம்பில் ஹிஸ்டமின் என்றொரு பொருள் சுரக்கிறது. தோலில் அது அரிப்பை உண்டாக்குகிறது. மூக்கில் நீர் பெருகச் செய்கிறது. மூளையிலோ நம்மை விழித்திருக்கச் செய்வதும் அதுவே. காதினுள் உள்ள சமநிலை உறுப்பு அனுப்பும் ஆட்டத்தின் செய்தி வாந்தியாக மாறுவதிலும் அதற்குப் பங்குண்டு. பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து அதைத் தடுக்கின்றன. அரிப்பு நிற்கிறது, குமட்டல் நிற்கிறது, கூடவே தூக்கமும் வருகிறது. அவோமினில் இருக்கும் புரோமெதசின் இவ்வகையே. அவிலில் இருக்கும் பெனிரமினும் இவ்வகையே. இரண்டையும் சேர்த்து உண்பது, ஒரே மருந்தை இரு மடங்கு உண்பதற்கு ஒப்பாகும்.

வாலிபர்களுக்கு இது பெரும்பாலும் நீண்ட தூக்கத்தோடு போய்விடும். ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு அத்தூக்கமே எமன். முதியோருக்கோ தலைசுற்றி விழுவதும், புத்தி தடுமாறுவதும், மலச்சிக்கலும், நீர்க்கட்டும் உண்டாகலாம். கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், மூத்திரம் எளிதில் பிரியாதவர்களுக்கும் அபாயம் அதிகம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் புரோமெதசின் கொடுக்கவே கூடாது. மூச்சு ஒடுங்கி உயிருக்கே ஆபத்து நேரிடக்கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறை 2004-ல் கடுமையாக எச்சரித்திருக்கிறது.

வாந்திக்கான மருந்துகளில் வேறு குலத்தாரும் உண்டு. மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவை மூளையில் டோபமின் என்ற வேறொரு பொருளைத் தடுப்பவை. இவற்றால் சிலருக்கு, முக்கியமாக இளவயதினருக்கு, கழுத்து ஒருபுறம் திருகிக் கொள்வதும் கண் மேலே செருகுவதும் உண்டு. புரோமெதசினும் ஓரளவு அதே தொழிலைச் செய்வதால், இவற்றை அதனுடன் கலப்பது நல்லதல்ல. ஆன்டன்செட்ரான் தூக்கம் தராது. ஆயினும் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். இதய நோயாளிகள் அதை டாக்டரைக் கேட்டே உண்ணவேண்டும்.

சேர்ப்பதே பாவம் என்று நாம் கூறவில்லை. மெட்டோகுளோப்ரமைடால் கழுத்து திருகிக் கொண்டவருக்கு அதைத் தளர்த்த டாக்டர்கள் கொடுப்பது அதே டைபென்ஹைட்ரமினைத்தான்! அளவும் ஆளும் அறிந்து சேர்ப்பது வைத்தியம். அறியாமல் சேர்ப்பது விபரீதம்.

ஆகவே, மாத்திரை அட்டையில் பெரிய எழுத்திலுள்ள பெயரோடு நில்லாமல், சிறிய எழுத்திலுள்ள சரக்கின் பெயரையும் படியுங்கள். ஜலதோஷ மாத்திரையிலும் இருமல் மருந்திலும் இக்குலத்தார் ஒளிந்திருப்பதுண்டு. கடைக்காரரிடம் “வாந்திக்கு ஒன்று கொடுங்கள்” என்பதோடு, “இன்று இன்ன மாத்திரை சாப்பிட்டாயிற்று” என்றும் சொல்லுங்கள். தெரியாமல் இரண்டையும் உண்டுவிட்டால், மூன்றாவது எதையும் கொடாமல் படுக்க வைத்து, அருகில் ஒருவர் இருங்கள். எழுப்பியும் எழாவிட்டாலும், மூச்சுத் திணறினாலும், புத்தி தடுமாறினாலும், நீர் பிரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த முறை மலைப் பிரயாணத்துக்கு மூட்டை கட்டும்போது, பாட்டியாரிடம் கம்பளி எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்பதற்கு முன், காலையில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். ஏரியின் அழகை அவரும் கண்விழித்துப் பார்க்கட்டும்!