பிடிக்கவும் வெட்டவும் ஒரே குறடு

சுவரில் ஆணி அடிக்க எல்லோருக்கும் தெரியும். அடித்த ஆணியைப் பிடுங்க எத்தனை பேருக்குத் தெரியும்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் இரண்டு தட்டு. கத்தி நுனியால் ஒரு நெம்பு. பிறகு வெறுங்கையால் ஓர் ஆட்டு. கடைசியில் ஆணி வருகிறதோ இல்லையோ, உள்ளங்கை அகலத்துக்குக் காறை பெயர்ந்து வந்துவிடும்!

சுவர் என்றால் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடலாம். அந்த ஆணி உயிருள்ள காளையின் குளம்பில் இருந்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் கொங்கு நாட்டில் லாடம் கட்டுகிறவரைத்தான் பார்க்க வேண்டும். காங்கயத்துக்கு அருகே கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையும், ஆடியில் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டி அந்தியூரில் கூடும் சந்தையும் பெயர் பெற்றவை. கறுத்த திமிலும் நிமிர்ந்த கொம்புமாகக் காங்கயம் காளை நிற்கும் கம்பீரத்தைப் பார்த்தால் கண் கொட்டத் தோன்றாது. ஆனால் அத்தனை கம்பீரமும் நிற்பது நான்கு குளம்பின் மேல்!

மாட்டுக் குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். கல்லிலும் தார் ரோட்டிலும் பாரம் இழுத்தால், வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிவிடும். அதற்குத்தான் லாடம். குதிரைக்குக் குளம்பு ஒன்று. காலுக்கு ஒரு லாடம் போதும். மாட்டுக்கோ பிளவுபட்ட குளம்பு. ஆகவே காலுக்கு இரண்டு தகடு, ஒரு காளைக்கு எட்டுத் தகடு.

புது லாடம் கட்டுமுன் பழையதைக் கழற்ற வேண்டுமே, அங்கேதான் சோதனை. குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது, நம் நகத்தைப் போல. அதற்குள்ளே ரத்தமும் நரம்பும் ஓடும் சதை. மாட்டுக்கு இந்தச் சுவர் குதிரையினுடையதைவிட மெல்லியது. தவறாக இழுத்தால் சுவர் கிழியும். ஆணி பாதியில் ஒடிந்தால் மிச்சம் உள்ளேயே தங்கும். புரை வைத்துக் காளை நொண்டும். வண்டி மாட்டை நம்பிய வீட்டில் காளை நொண்டினால் அடுப்பும் சேர்ந்து நொண்டும்.

"ஏனுங்கண்ணா, முந்தாநாள்லிருந்து வலது காலை ஊன மாட்டேங்குதுங்க" என்று ஒருவர் காளையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

"படுக்கப் போடுங்க, பாத்துப் போடலாம்" என்பார் லாடக்காரர்.

கயிறு போட்டுக் காளையைச் சாய்த்துக் கால்களைச் சேர்த்துக் கட்டியதும் பையிலிருந்து வெளியே வரும் ஆயுதம்தான் குறடு. பட்டறைப் பேச்சில் 'கொறடு'.

இந்தக் குறட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டு கைகள் ஒரு திருகாணியில் குறுக்கே மாட்டியிருக்கின்றன. தாடைகள் நண்டுக் கால் போல வளைந்து, முனையில் மட்டும் கூராகச் சந்திக்கின்றன. உள்ளே குழிவு. சாதாரண கட்டிங் பிளேயருக்கு வெட்டும் வாய் பக்கத்தில், குறட்டுக்கோ முனையில். அதனால் பரப்போடு பரப்பாக ஒட்டியிருக்கும் ஆணியையும் இது எட்டிப் பிடிக்கும். கைப்பிடி 8 அங்குலம், தாடை 1 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையின் 20 கிலோ அழுத்தம் முனையில் 160 கிலோவாகிறது!

இதில்தான் சூட்சுமம். மெதுவாக அழுத்தினால் பிடிக்கும்; பலமாக அழுத்தினால் வெட்டும். கருவி ஒன்று, வேலை இரண்டு. எது எப்போது என்று தீர்மானிப்பது கை. லாடக்காரர் முதலில் வெட்டுகிறார்: குளம்புச் சுவருக்கு வெளியே மடித்து விட்டிருக்கும் ஆணி முனைகளை ஒவ்வொன்றாக நறுக்குகிறார். மடிப்பு போகாமல் இழுத்தால் அது சுவரைக் கிழிக்கும். பிறகு பிடிக்கிறார்: தகட்டின் ஓரத்தைக் கவ்விச் சிறிது கிளப்பி, மறுபடி தட்டுகிறார். தகடு இறங்க, ஆணித் தலைகள் தலைதூக்கி நிற்கின்றன. அவற்றை ஒன்றொன்றாக, போன வழியிலேயே வாங்குகிறார். ஆணியோடு ரத்தமோ சீழோ வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ரண ஜன்னி மாட்டையும் விடாது.

இந்தக் கருவி நேற்றுப் பிறந்ததல்ல. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நண்டின் கவைத்த காலுக்கு உவமை தேடிக் கொல்லனின் உலைக்களத்துக்கே போகிறார். அங்கே அவர் கண்டது குறடு. அவர் வைத்த பெயர் கொடிறு. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. கொங்கு மண்ணுக்கும் இரும்புக்கும் அவ்வளவு பழைய உறவு!

சரி, உங்கள் வீட்டுச் சுவருக்கு வருவோம். ஆணியை நேராக இழுக்காதீர்கள். குறட்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். ஆணியை அடியோடு கவ்வி, வளைந்த தாடையைப் பலகைமேல் பக்கவாட்டில் உருட்டுங்கள். சிறிது வந்ததும் மறுபடி அடியில் கவ்வி உருட்டுங்கள். காறை அசையாது. கொடிக் கம்பியை வெட்டும்போது துண்டு முகத்துக்கு நேரே தெறிக்காதபடி திருப்பிப் பிடியுங்கள். கண்ணாடி அணிவது உத்தமம். வில்கம்பியை இதில் வெட்டினால் வாய் உடையும். மின்சாரக் கம்பியிடம் கொண்டுபோகவே வேண்டாம். திருகாணிக்கு எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

லாரியும் டிராக்டரும் வந்து மாட்டு வண்டிகள் அருகிவிட்டன. ஆனாலும் லாடம் கட்டுகிறவர்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. அடுத்த முறை சந்தைப் பக்கம் போனால் நின்று பாருங்கள். கட்டு அவிழ்த்ததும் காளை எழுந்து, வலது காலை மெல்ல ஊன்றிப் பார்க்கும். இன்னோர் அடி வைக்கும். பிறகு திரும்பிப் பாராமல் நடக்கும். லாடக்காரரும் அதைப் பார்ப்பதில்லை. குறட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த காளையைப் பார்க்கிறார்.