பழைய ஒயின் எப்படிப் பக்குவமாகிறது? புளி ஜாடியில் இருக்கிறது பதில்

நாராயணவனம், புத்தூர் பக்கத்து வீடுகளில் புளி வாங்குவது வருஷத்துக்கு ஒரு முறைதான். மாசி, பங்குனியில் உலுக்கிய புளி வந்ததும் ஓடு, நார், கொட்டை எல்லாம் நீக்கி, கல்லுப்பு தூவி, ஜாடியில் அழுத்தி அடைத்து, வாய்க்கு வேடு கட்டி வைப்பார்கள். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். ரசத்தில் கரைத்தால் பல் கூசும். வருஷம் கழிந்த புளியோ கறுத்து, இளகி, புளிப்பின் முனை மழுங்கியிருக்கும். வத்தக்குழம்புக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பிரான்சில் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின் சீசாவுக்குள் இருபது வருஷம் என்ன செய்கிறது என்று கேட்டால், நான் இந்த ஜாடியைத்தான் காட்டுவேன்.

காரணம் இருக்கிறது. புளிக்குப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் முக்கியமான அமிலம் அதுவே. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பல பழங்களில் உண்டு. டார்டாரிக் இந்த அளவுக்குச் சேர்ந்திருக்கும் பழங்கள் மிகக் குறைவு. கெட்டுப்போகாமல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. புளிக்கு உப்பு துணை, ஒயினுக்கு ஆல்கஹால் துணை.

கொட்டையில்தான் வழி பிரிகிறது. புளியங்கொட்டையின் தோலை மென்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நாக்கு அப்படியே இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பு டானின். நாம் கொட்டையை எடுத்துவிடுகிறோம். சிவப்பு ஒயினுக்குச் சாறு, தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிக்க வேண்டும். நிறம் தோலிலிருந்தும் துவர்ப்பு இரண்டிலிருந்தும் இறங்குகின்றன. அதனால்தான் நல்ல தோட்டத்து இளம் ஒயின் ஊதாக் கறுப்பாக, வாயை உலர்த்துகிறதாக இருக்கும்.

ஷத்தோ மார்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகத் தயாரித்த தரப்பட்டியலில் முதல் தரம் பெற்ற நான்கு தோட்டங்களில் ஒன்று. காபர்னே சொவிஞான் அங்கே பிரதான திராட்சை. நொதித்து அடங்கிய ஒயின் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருஷம் கிடக்கும். மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று சேரும். பிறகு நடப்பது முழுக்கச் சமையலறைக் காரியம். ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை லேசாக அடித்து ஊற்றுவது போர்தோவின் பழைய முறை. வெள்ளைக்கருவின் புரதம் முரட்டு டானினைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கும். தெளிவை மட்டும் இறுத்து எடுப்பார்கள், கரைத்த புளியை அடிமண்டி விட்டு நாம் இறுப்பதைப் போலவே.

மீதி வேலை சீசாவுக்குள். கார்க் போட்டபின் காற்று மிகச் சொற்பம். டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. மிகப் பெரிதானவை கரைந்திருக்க முடியாமல் வண்டலாகப் படிகின்றன. ஊதா போய்ச் செங்கல் நிறம் வருகிறது, துவர்ப்பு தணிகிறது. பழ வாசனை பின்வாங்கி, தேவதாரு, புகையிலை, நனைந்த சருகு என்று வேறு வாசனைகள் எழுகின்றன. டார்டாரிக் அமிலத்தில் ஒரு பங்கு பொட்டாசியத்தோடு சேர்ந்து, கார்க்கின் அடியில் படிகமாக மின்னும். கண்ணாடித் துகள் என்று பயந்து கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தீங்கில்லாத புளிப்பு உப்பு.

எல்லா ஒயினும் இப்படி ஆகாது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிக்கவேண்டியது. அமிலமும் டானினும் பழச்சுவையும் ஆரம்பத்திலேயே கெட்டியாக இருந்தால்தான் வருஷங்களுக்கு அதில் வேலை உண்டு. சப்பென்ற புளியை எத்தனை நாள் வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். ‘பழசு’ என்ற ஒரு காரணத்துக்காக விலை கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

சூட்டில் ஜாடியும் சீசாவும் அடியோடு வேறு. சித்திரை வெயிலில் 40 டிகிரி தாண்டினாலும் புளி அசையாது. ஒயினுக்கு 12, 13 டிகிரியில் இருட்டறை வேண்டும்; நம் ஊர்க் கோடை ஒன்றே அதை வேகவைத்துவிடும். நமக்கு மேற்கே, நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் தோட்டத்தார் காபர்னே சொவிஞானும் ஷிராஸும் கலந்து ‘லா ரிசர்வ்’ செய்ய முடிவதற்கும் அந்த இடத்தின் உயரமும் இரவுக் குளிர்ச்சியும் பெரிய காரணம்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து யாராவது அப்படி ஒரு பழைய சீசா கொண்டுவந்து கொடுத்தால் ஷோகேஸில் நிறுத்தி வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் குளிர் குறைந்த தட்டில் படுக்கவையுங்கள். திறப்பதற்கு ஒரு நாள் முன்னால் நிமிர்த்துங்கள், வண்டல் இறங்கட்டும். ஊற்றும்போது கை ஆடாமல் ஊற்றி, கலங்கல் வந்ததும் நிறுத்துங்கள். அடுத்த கோடை வரை மட்டும் வைத்திருக்க வேண்டாம்.