தொண்டேபாவியில் மாண்ட நாயக்

யெலகங்காவிலிருந்து ரயிலில் புட்டபர்த்திக்குப் போகும் நம்மவர்கள், கௌரிபிதனூருக்கு முன்னால் தொண்டேபாவி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். சிறிய நிலையம். அந்த ஊர்ப் பக்கத்தில் 1945 செப்டம்பர் 12-ஆம் தேதி நடந்த ராணுவப் பயிற்சியில் நாயக் கிருபா ராம் என்பவர் உயிர் துறந்தார். இன்றைய ஹிமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் பகுதிக்காரர்; பதின்மூன்றாம் ஃப்ரான்டியர் ஃபோர்ஸ் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்; முப்பதைத் தொடாத வயது. நம் பெங்களூருக்கு இவ்வளவு அருகில் நடந்த விஷயம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகக்கூடாது என்றே எழுதுகிறேன்.

தேதியைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது செப்டம்பர் 2. தென்கிழக்கு ஆசியாவிலிருந்த ஜப்பானியப் படைகளின் சரணாகதியை மவுண்ட்பேட்டன் சிங்கப்பூரில் ஏற்றுக்கொண்டது இதே செப்டம்பர் 12. அங்கே போர் முடிந்ததாகப் பத்திரம் எழுதுகிறார்கள். இங்கே போருக்கான பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. பெரிய யந்திரம் அல்லவா, பிரேக் போட்டவுடன் நின்றுவிடுமா என்ன?

நாயக் என்றால் நாம் நினைக்கிற ஆபீசர் அல்ல. ஏறக்குறையப் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனுக்குத் தலைவர். அன்று உண்மையான குண்டுகளை வைத்தே பயிற்சி. அவருடைய ஆட்களில் ஒருவர் துப்பாக்கியிலிருந்து செலுத்திய கிரனேட், இலக்குக்குப் போகாமல் சுமார் எட்டு கெஜ தூரத்திலேயே விழுந்துவிட்டது. கிருபா ராம், ஆட்களை மறைவுக்குப் போகும்படி கத்திக்கொண்டே அதை நோக்கி ஓடினார். எடுத்து அப்பால் வீசப் பார்த்தார். வீசுமுன் வெடித்துவிட்டது. ஆட்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை.

இந்த எட்டு கெஜத்தைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பெருவழக்காக இருந்தது மில்ஸ் குண்டு, எண் 36. கையால் எறிவதற்கு நான்கு விநாடித் திரி. துப்பாக்கி முனையில் கிண்ணம் போன்ற ஒன்றைப் பொருத்தி அதிலிருந்து செலுத்துவதற்கு ஏழு விநாடித் திரி. கிண்ணத்தை விட்டுக் கிளம்பியதும் நெம்புகோல் விடுபட்டுத் திரி பற்றிக்கொள்ளும். தூரம் போக நேரம் வேண்டுமே என்றுதான் ஏழு விநாடி. எட்டு கெஜத்தில் விழுந்தால் அந்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வியாபாரி கணக்காகச் சொன்னால், படுத்துக்கொள்ளவும் போதும், ஓடிப்போய் எடுக்கவும் போதும். எடுத்து வீசி முடிப்பதற்குத்தான் போதவில்லை. தமக்குக் கிடைத்த சில விநாடிகளை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதே அவர் கதை.

1946 மார்ச்சில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவித்தார்கள். ‘விக்டோரியா கிராஸ் ஏன் தரவில்லை? குறைத்துவிட்டானா வெள்ளைக்காரன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. குறைவில்லை. விக்டோரியா கிராஸ் எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கு. எதிரி முன்னில்லாத இடத்து வீரத்துக்காக 1940-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது ஜார்ஜ் கிராஸ். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறார்களே மெட்ராஸ் சாப்பர்ஸ், அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து மற்றவர்களைக் காத்தார். நம்மவரான அவருக்கும் இதே விருதுதான்.

எங்கள் சமணத்தில் ‘விரோதி இம்சை’ என்று ஒன்று சொல்லுவார்கள். தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேரும் இம்சை. இல்லறத்தாருக்கு அதில் ஓரளவு விலக்கு உண்டு. பயிற்சிக் களத்தில் விரோதியே இல்லை. அங்கே உயிர் போனால் அதற்கு என்ன பெயர்? உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது பகைமையைச் சொல்லவில்லை, பிரமாதத்தைச் சொல்கிறது. பேச்சு வழக்கில் நாம் ‘கச்சேரி பிரமாதம்’ என்கிறோம். சாஸ்திரத்தில் பிரமாதம் என்றால் அசட்டை, கவனப்பிசகு. துறவிக்குச் சொன்ன ஐந்து சமிதிகளில் ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் என்பதும் ஒன்று. துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் சிவப்புக் கொடி கட்டுவதும், உத்தரவு வரும்வரை விரலை அசைக்காதிருப்பதும் அதே வகையைச் சேர்ந்தவை என்பது என் கருத்து. இவ்வளவு இருந்தும் மருந்து நமுத்திருந்தாலே குண்டு முன்னால் விழக்கூடும். அதைச் செலுத்திய ஜவானை நான் குற்றவாளி என்று எண்ணமாட்டேன். ஆனால் ஆயுள் முழுவதும் அந்தச் சத்தம் அவர் காதில் இருந்திருக்கும்.

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் காமன்வெல்த் ஆணையம், எதிரியின் குண்டுக்கு இறந்தவர், பயிற்சியில் இறந்தவர் என்று பேதம் பார்ப்பதில்லை. 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களை அது கணக்கில் சேர்த்திருக்கிறது. நாட்டு நினைவுதான் வேறு மாதிரி. 1947 பாகப் பிரிவினையில் அவருடைய ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் அவர் பெயரைச் சொல்லவேண்டிய படைவீடு எல்லைக்கு அப்பால். அவர் பிறந்த ஊர் இப்பால். இறந்த ஊர் நம் பக்கத்தில்.

பதக்கம் அவருடைய மனைவியிடம் இருந்தது. 2002-இல் வீட்டிலிருந்து திருடுபோயிற்று. 2009-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோதுதான் அது எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிந்தது. ஆட்சேபம் எழுந்து ஏலத்தை நிறுத்தினார்கள்.