தோட்டத்துக் கொட்டகையின் ஒழுகும் தளத்தைச் செப்பனிடும் முறை

கடலூர், சிதம்பரம் தாலுகாக்களில் கொல்லையும் கழனியும் உடைய குடியானவர்களில் பலர், கிணற்றோரத்தில் மோட்டார் வைப்பதற்கென ஒரு சிறு அறை கட்டியிருக்கின்றனர். சுவர் செங்கல்லால் ஆனது. மேலே தட்டையான தளம். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் மட்டுமன்றி, உர மூட்டை, விதைநெல், மருந்து தெளிக்கும் கருவி முதலிய சாமான்களும் அவ்வறையிலேயே வைக்கப்படுகின்றன. குடியிருக்கும் வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே கவனிப்பவர்கள், இக்கொட்டகை ஒழுகுவதை இரண்டு மூன்று மழைக்காலம் வரையில் பொறுத்துக்கொள்கின்றனர். இது சிக்கனம் போலத் தோன்றினும் உண்மையில் பெருஞ்செலவேயாம்.

விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பூசணம் பிடித்து முளைப்புத்திறன் குன்றும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக் கட்டியாகும் இயல்புடையது. அதன்மீது நீர் சொட்டினால் சொல்ல வேண்டுவதில்லை. இவை பெரும்பாலும் சங்கத்துக் கடனில் வாங்கிய பொருள்கள். மூட்டை கரைந்து போனாலும் கடன் கரைவதில்லை. இதனினும் முக்கியமானது உயிர்ச்சேதம். நீர் வடியும் சுவரிலுள்ள மின்பலகையை ஈரக்கையுடன் தொடுவது அபாயம். ஒழுகத் தொடங்கிய அன்றே மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டார்ட்டரை உலர்ந்த சுவருக்கு மாற்றுதல் முதற் கடமையாகும்.

இப்பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்குமேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த ‘தானே’ புயல், 2015 நவம்பர் மாதத்துப் பெருமழை, 2024 நவம்பர் இறுதியில் வந்த ‘பெஞ்சல்’ புயல் ஆகியவை இதற்கு அண்மைச் சான்றுகள். சிறு தூறலுக்குத் தாங்கும் தளம், நாட்கணக்கில் விடாது பெய்யும் மழைக்குத் தாங்குவதில்லை. ஆகையால் சம்பா அறுவடை முடிந்து, கையில் பணமும் வானில் வெயிலும் உள்ள மாசி, பங்குனி மாதங்களே செப்பனிடுவதற்கு ஏற்றவை. புரட்டாசியில் மீண்டும் ஒருமுறை தளத்தின்மேல் ஏறிப் பார்த்தல் வேண்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டறிதல்

உள்ளே சொட்டும் இடத்திற்கு நேர்மேலேதான் பழுது இருக்கும் என்று எண்ணுவது தவறு. மேலே புகுந்த நீர் தளத்தினுள் ஊர்ந்து சென்று, எளிதான வழி கிடைத்த இடத்தில் இறங்குகிறது. பழுது பெரும்பாலும் மூன்று இடங்களிலேயே காணப்படும்: நீர் வெளியேறும் தூம்பின் வாய், கைப்பிடிச்சுவரின் அடி, தளத்தில் ஓடியுள்ள வெடிப்பு. தூம்பில் பலாச்சருகும் முந்திரிச்சருகும் அடைத்து நீர் தேங்கினால், நல்ல தளமும் நாளடைவில் கெடும். சருகை அகற்றிய மாத்திரத்தில் ஒழுக்கு நின்றுபோன கொட்டகைகளும் உண்டு. பறவை எச்சத்தால் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுகளை ஒடித்தெறிதல் போதாது. வேர் சென்ற இடம்வரை கொத்தியெடுத்து, சாந்தினால் அடைத்தல் வேண்டும்.

பழைய மச்சுத் தளம்

முற்காலத்தில் இப்பக்கத்து மெத்தை வீடுகளுக்கு மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்துத் தளம் அமைத்தனர். மதராஸ் தளம் என்று பெயர்பெற்றது இதுவே. இத்தகைய தளம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மரக்கட்டையின் நுனிகளை. சுவருக்குள் புதைந்துள்ள நுனியே முதலில் இற்றுப்போகும். கடப்பாரை முனையால் குத்தினால் மெத்தென்று இறங்குமாயின், முட்டுக் கொடுத்துக் கட்டையை மாற்றாமல் மேலே வேலை செய்யலாகாது.

ஒழுகும்போதெல்லாம் சிமெண்டுப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றும் வழக்கம் தீமையானது. 10 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள தளத்தில் 2 அங்குலக் கனம் சிமெண்டுச் சாந்து பூசினால், சுமார் 800 கிலோ பாரம் புதிதாக ஏறுகிறது. அன்றியும், சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் மழைக்கும் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். விறைப்பான சிமெண்டுப் பூச்சு நெகிழாமல் வெடித்துவிடும். ஆதலால் சுண்ணாம்புத் தளத்திற்குச் சுண்ணாம்பே உற்றது.

கான்கிரீட் தளம்

இக்காலத்துக் கொட்டகைகளுக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் தளமே மிகுதி. இதற்குப் பகை கம்பியின் துரு. நீர் கசிந்து கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பன்மடங்கு பருத்து, அடிப்புறக் கான்கிரீட்டைப் பிளந்து விழச் செய்யும். கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்றினால் இது விரைவில் நேருகிறது. உப்பங்கழி மணலையோ கடல் மணலையோ சாந்துக்குக் கலப்பது இத்தீமையை வலிந்து அழைப்பதாகும். அடிப்புறம் பெயர்ந்திருந்தால் முட்டுக் கொடுத்து, தளர்ந்த பாகத்தைத் தட்டியெடுத்து, கம்பியைத் துருப்போகத் தேய்த்து, சிமெண்டுப் பாலடித்துச் சாந்து பூசலாம். கம்பி பாதியாக மெலிந்திருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ, பூச்சு பயன்படாது. பொறியியல் அறிந்தவரைக் காட்டாமல் அக்கொட்டகையைப் புழங்கலாகாது.

சுருக்கித் தளம் அமைக்கும் கிரமம்

அடித்தளம் உறுதியாக இருந்து மேற்புறம் மட்டும் கெட்டிருந்தால், பழைய சுருக்கியை முற்றிலும் பெயர்த்தெடுத்துப் புதிதாக இடுதல் நன்று. வெடிப்புகளை அரை அங்குல அகலத்திற்கு வெட்டி, கழுவி, சாந்தால் நிரப்புக.

சாய்வே இதில் உயிர்நாடி. 60 அடிக்கு ஓர் அடி வீதம் குறையாத சாய்வு தேவை. 10 அடி நீளத் தளத்தில் தூம்புப் பக்கம் 2 அங்குலமும், எதிர்ப்பக்கம் 4 அங்குலமும் கனம் வைத்தால் இச்சாய்வு கிடைக்கும். சராசரிக் கனம் 3 அங்குலமாகும்.

நன்கு வெந்த செங்கல்லை முக்கால் அங்குல ஜல்லியாக உடைத்து நனைத்து வைத்துக்கொள்க. தாளித்துச் சலித்த சுண்ணாம்பை, ஜல்லி 5 கூடைக்குச் சுண்ணாம்பு 2 கூடை வீதம் கலக்க வேண்டும். பொதுப்பணித் துறையார் 32 பங்குக்கு 12½ பங்கு என்று கொள்ளும் கணக்கு ஏறக்குறைய இதுவே. மணல் சேர்க்கலாகாது. பரப்பிய பின், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டைகளால் தொடர்ந்து சில நாட்கள் இடிக்க வேண்டும். கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்பும் பதமே முடிவான பதம். கூலியை எண்ணி ஒரே நாளில் இடித்து முடிப்பவர், அடுத்த ஐப்பசியில் அதன் பலனைக் காண்பர்.

பிறகு ஈர வைக்கோல் பரப்பி ஒரு வாரமேனும் ஈரம் காத்து, அதன்மேல் தட்டோடு பதிக்க வேண்டும். இதற்குச் சிமெண்டு ஒரு பங்கும் ஆற்று மணல் மூன்று பங்கும் கலந்த சாந்தை அரை அங்குலக் கனம் இடுக. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு நீர்க்காப்பு மருந்து 1 கிலோ சேர்க்கலாம். ஓட்டு இடுக்குகளை அதே சாந்தால் நிரப்பி, கைப்பிடிச்சுவர் அடியைச் சுற்றிலும் உருண்டையாகப் பூசி, ஓட்டின் விளிம்பைச் சுவருக்குள் சிறிது செருகுதல் அவசியம். பெரும்பாலான தளங்கள் நடுவில் ஒழுகுவதில்லை; இம்மூலையிலேயே ஒழுகுகின்றன.

சாந்து முற்றிய பின், கான்கிரீட் தளமாயின் தூம்பை அடைத்து, அதனருகே 2 அங்குலம் நிற்குமாறு நீர் தேக்கி, ஒரு பகல் ஓர் இரவு பார்க்கலாம். மேற்கூறிய அளவுள்ள தளத்திற்குச் சுமார் 190 லிட்டர் நீர் போதும். மரக்கட்டைத் தளத்தில் இச்சோதனை செய்யலாகாது.

கடையில் விற்கும் வெள்ளை நீர்க்காப்புப் பூச்சுகள் உலர்ந்த, சாய்வு சரியான தளத்திற்கே பயன்படும். ஈரத்தளத்தின்மேல் அடித்தால் கொப்புளித்துப் பெயரும். தார்ப்பாய் மழைக்காலத்தை ஒருவாறு கடத்த உதவுமேயன்றி மருந்தாகாது.

சங்கத்தார் செய்யத்தக்கது

ஒரு கொட்டகைக்காகச் சுண்ணாம்பும் ஓடும் தனித்தனியே வாங்கினால் வண்டிச்சத்தம் பொருளின் விலையை நெருங்கும். ஒரே கிராமத்து அங்கத்தினர் பத்துப் பேர் மாசி மாதத்தில் ஒன்றுகூடித் தேவையைக் கணக்கிட்டு, சாமான்களை ஒருமிக்க வாங்கி, தளம் இடிக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரையே முறைவைத்து அமர்த்தினால், செலவு குறைவதோடு வேலையும் செம்மையாகும். சங்கக் கிடங்கின் தளத்தையும் அவ்வமயமே பார்வையிடலாம். ஆண்டில் இருமுறை தூம்பைத் துப்புரவு செய்தல் காசு செலவில்லாத வேலை. அதைத் தவறாது செய்பவருக்கு மற்றச் செலவுகள் அடிக்கடி நேரா.