நகத்திலே ஒரு கறுப்புக் கோடு

வெள்ளி விடுமுறைக்கு முன், வியாழன்தோறும் மாணவர்களின் நகங்களைப் பார்வையிடுவது எனது வழக்கம். வெட்டியிருக்கிறார்களா, அழுக்கிருக்கிறதா என்பதோடு என் பார்வை முடிந்துவிடும். நகத்தின் நிறத்தை நான் கவனித்ததேயில்லை. வாசக நேயர்களே, நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியின் காற்பெருவிரல் நகத்தின் கீழ் 'மெலனோமா' எனும் தோற்புற்றுநோய் இருப்பது 1977இல் தெரியவந்தது. உதைபந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணியிருந்தார்கள். விரலை அகற்றும்படி கூறப்பட்ட ஆலோசனைக்கு அவர் இணங்கவில்லை. எனவே நகத்தையும் அதன் கீழுள்ள சதையையும் நீக்கி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அவர் மீண்டும் மேடையேறினார். நோயோ உள்ளே பரவியது. 1981 மே 11இல், 36ஆவது வயதில் அவர் மரணமானார்.

சத்திரசிகிச்சை முடிந்து காயம் ஆறிவிட்டால் அவ்விடத்தை மறந்துவிடுகிறோம். ஒட்டிய தோல் சற்றுக் கறுத்திருப்பது சாதாரணம்தான். ஆனால் அதன் ஓரத்தில் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி தோன்றினாலோ, எஞ்சிய நகத்தில் கோடு விழுந்தாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள். சில புற்றுநோய் மருந்துகளாலும் நகம் கறுப்பதுண்டு. அப்போது பெரும்பாலும் பல நகங்கள் ஒருசேரக் கறுக்கும். அதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ளோரின் நகங்களையெல்லாம் கண்டு அஞ்சவும் வேண்டாம். நம்மைப் போன்ற நிறத்தவருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது இயல்பு. கதவிடுக்கில் நசுங்கிய இரத்தக்கட்டு, நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகம் அதில் பாதிதான். அப்படி நகராமல், ஒரே விரலில், குறிப்பாகப் பெருவிரலில், கோடு அகன்றுகொண்டே போனால், நகம் பிளந்தால், கறுப்பு நகத்தடித் தோலுக்கும் படர்ந்தால் தாமதிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்ன அடையாளத்தை ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் 1886இலேயே எழுதிவைத்தார்.

சகோதரிகளுக்கு ஒன்று. பெருநாளைக்கு இட்ட மருதோன்றி தோலை விட்டு விரைவில் போய்விடும். நகத்திலோ மாதக்கணக்கில் நிற்கும். அதன் கீழ் எது வந்தாலும் கண்ணுக்குப் படாது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்தக் கைகால் நகங்களுக்கு இடாதிருப்பது நல்லது. மற்றவர்கள் இடுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் இருபது நகங்களையும் ஒருமுறை பாருங்கள்.

என் கால்நகங்களைப் பார்க்க நானும் குனிந்தேன். மூக்குக்கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. மனைவியைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.