பத்து நாள் முகாமும் பத்து நாள் கூலியும்

தேசீய மாணவர் படையின் வருஷாந்திரப் பயிற்சி முகாம் சாதாரணமாகப் பத்து நாள் நடைபெறுகிறது. சாப்பாடு இலவசம், படுக்க இடம் இலவசம், துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுப்பதும் இலவசம். அப்படியிருக்க, முகாமுக்குப் போவதற்குச் செலவு என்ன இருக்கிறது என்று உத்தியோகஸ்தர்கள் கேட்கக் கூடும். காகிதத்தில் பார்த்தால் அது நியாயமான கேள்வியே. ஆனால் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் அடுத்த வல்லம் வடகால் போன்ற ஓர் ஊரில், கூலிக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் விடை வேறு விதமாக வருகிறது.

பையன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை வந்தால் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறான். இல்லையேல் கிடங்கு ஒன்றில் சுமை ஏற்றுகிறான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் பத்து நாளில் அவன் இழப்பது 3,360 ரூபாய். இதற்குமேல் தகரப் பெட்டி, அதற்கொரு பூட்டு, தட்டு, டம்ளர், கொசுவலை, வெள்ளைக் கான்வாஸ் செருப்பு, கைவிளக்கு, பஸ் சத்தம் என்று சில்லறையாய்ப் போவது தனி. சில்லறை என்று நாம் சொல்லுகிறோம். மாதக் கடைசியில் அந்த வீட்டில் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. பையனின் வயிற்றுக்கு முகாம் சோறு போடுகிறது. அவன் கூலியை எதிர்பார்த்திருக்கும் வீட்டுப் பானைக்கு யார் போடுவது?

போகாமலே இருந்துவிட்டால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் சிறிதல்ல. முகாமில் இருந்தவனுக்குத்தான் ‘பி’ சர்டிபிகேட் பரீட்சை உண்டு. அதைக் கடந்து ‘சி’ சர்டிபிகேட் பெற வேண்டுமாயின் மறுபடியும் முகாம். இந்த ‘சி’ சர்டிபிகேட்டை ‘பி’ தரத்திற்குக் குறையாமல் வாங்கியவன், பட்டப் பரீட்சையில் நூற்றுக்கு ஐம்பது எடுத்திருந்தால், எழுத்துப் பரீட்சை இல்லாமலே ராணுவ அதிகாரி பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பம் செய்யலாம். தேறியவர்களைப் பயிற்றுவிக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963 முதல் பரங்கிமலையில் இருக்கிறது. வல்லம் வடகாலிலிருந்து பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதுக்குள் அதன் வாயிலுக்குப் போய்விடலாம். தூரம் தடையல்ல. பத்து நாள் முகாம்தான் அவ்வழியில் நிற்கும் சுங்கச் சாவடி. அதில் கட்டணப் பலகை தொங்குவதில்லை, அவ்வளவே.

இந்தப் படை எதற்காக ஏற்பட்டது என்பதைச் சற்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அந்நிய ஆட்சியில் 1917ஆம் வருஷம் சர்வகலாசாலைப் படை என்று ஒன்று ஆரம்பமாயிற்று. கல்கத்தா மாணவராயிருந்த ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் அதில் சேர்ந்து கூடார வாழ்க்கை நடத்தினார். ஆயினும் அது சர்வகலாசாலை வாசலை எட்டிய மிகச் சிலருக்கான படையே. சுதந்திரம் நெருங்கிய 1946இல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. கல்லூரிகளோடு நில்லாமல் பள்ளிக்கூடங்களுக்கும் படை பரவ வேண்டும் என்பது அக்கமிட்டியின் கருத்து. அதன்மீது 1948இல் சட்டம் பிறந்தது. அவ்வருஷம் ஜூலையில் படையும் பிறந்தது. மறு வருஷம் பெண்களுக்கென்று பிரிவும் ஏற்பட்டது. படையில் சேர்ந்தவனைப் போர்முனைக்கு அனுப்ப முடியாது என்று சட்டமே சொல்லுகிறது. ஆகவே இது சிப்பாய் பிடிக்கும் சூழ்ச்சி என்று பயப்படவோ, பள்ளிக்கூடத்தில் யுத்த வெறியை மூட்டுவது என்று குறை சொல்லவோ காரணம் இல்லை. சீன ஆக்கிரமிப்புக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 1968இல் அதை விட்டு, இஷ்டமுள்ளவர் சேரலாம் என்று ஆக்கினார்கள். சரியான காரியந்தான். ஆனால் இஷ்டம் மாத்திரம் போதும் என்ற நிலைமை இருந்தாலல்லவா அதற்கு இஷ்டம் என்று பெயர்?

இப்பொழுது அந்த நிலைமையும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. சர்க்கார் செலவில் நடக்கும் பிரிவுகள் ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தில், உடுப்பு, சிற்றுண்டி, முகாம் ஆகியவற்றின் செலவைக் கல்வி ஸ்தாபனமே ஏற்க வேண்டும் என்னும் சுயநிதித் திட்டம். சர்க்கார் கஜானா எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் போதாது என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். சம்பளம் வாங்கும் தனியார் பள்ளி அச்செலவைப் பெற்றோர் தலையில் வைக்க முடியும். ஊராட்சி எல்லையிலுள்ள சர்க்கார் உயர்நிலைப் பள்ளி யார் தலையில் வைக்கும்? படைப் பயிற்சி அதிகம் பயன்படக் கூடிய பிள்ளைக்கு வரிசையில் நிற்க இடமும், செலவு செய்யக் கூடியவன் பிள்ளைக்கு உடனே உடுப்பும் கிடைக்கும் ஏற்பாட்டைத் தேசீயம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

பணத்தைக் காட்டிலும் பெரிய விலை ஒன்று உண்டு. படையின் உடுப்பு பள்ளிக்கூடத்திற்குக் கௌரவம் தருகிறது. கௌரவம் மாணவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பிரிவுகளோ கேட்ட இடத்திலெல்லாம் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில் போலிகள் நுழைகிறார்கள். 2024ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளியில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தேசீய மாணவர் படை முகாம் என்ற பெயரில் மாணவிகளை இராத் தங்கச் செய்தார்கள். அப்பள்ளியில் படையின் பிரிவே கிடையாது. முகாமை நடத்தியவனுக்கும் படைக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு சிறுமி பலாத்காரத்துக்கு ஆளான பிறகே இவ்வளவும் வெளியே வந்தது. அவன் கைதாகி, விசாரணை முடியுமுன் இறந்தும் போனான். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, குற்றம் செய்தவனை விட, கதவைத் திறந்துவிட்டவர்களைப் பற்றிய கேள்விதான் மனத்தை அதிகம் உறுத்துகிறது. உண்மையான பிரிவுக்கு மேலே ஒரு பட்டாலியன் உண்டு. அதற்கு ஒரு கமாண்டிங் ஆபீசர் உண்டு. பள்ளியில் அதற்கெனப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர் ஒருவர் உண்டு. ஆண் உபாத்தியாயர்களுக்குக் காம்ப்டியிலும் பெண்களுக்குக் குவாலியரிலும் அப்பயிற்சி நடக்கிறது. “இது எந்தப் பட்டாலியன்? பெண்களுடன் தங்கப்போகும் பெண் அதிகாரி யார்?” என்று ஒரே ஒரு பெற்றோர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. உடுப்பைக் கண்டதும் கேள்வி அடங்கிவிட்டது.

அதே ஆகஸ்டு மாதம் 17ஆம் தேதி வல்லம் வடகாலில் ஒரு வைபவம். 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் சிப்காட் ஸ்தாபனம் கட்டிய தொழிலாளர் விடுதியை முதல் மந்திரி திறந்துவைத்தார். பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்குவதற்கு அதில் இடம் இருக்கிறது. இதை நாம் குறை கூறவில்லை. பல ஜில்லாக்களிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்களுக்குப் பத்திரமான படுக்கை வேண்டியதுதான். ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பெண்கள் வீட்டை விட்டு வெளியே தங்க வேண்டுமானால் பூட்டுள்ள கதவும், காவலும், பொறுப்புள்ள அதிகாரியும் வேண்டும், அதற்குப் பணம் செலவிட வேண்டும் என்பது சர்க்காருக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலைக்கு வேலையாள் தேவைப்படும்போது தெரிகிறது. பள்ளிக்கூடப் பெண் பத்து நாள் முகாமுக்குப் போகும்போது மட்டும் மறந்துபோக வேண்டாமென்கிறோம்.

ஏழைப் பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் மலாய் நாட்டை நினைத்துப் பார்க்கட்டும். 1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்ஸி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. கேப்டன் லக்ஷ்மியின் தலைமையில் அங்கே திரண்டவர்களில் ரப்பர் தோட்டத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் ஏராளம். பால்வெட்டுத் தொழிலாளியின் மகளிடம் முகாம் கட்டணம் கேட்டு அந்தப் படையைத் திரட்டியிருக்க முடியுமா?

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்க்கலாம். பிரிட்டனில் பள்ளிக்கூட மாணவர் படை வெகுகாலம் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் சொத்தாகவே இருந்து வந்தது. 2012இல் அந்நாட்டு அரசாங்கமே இதை உணர்ந்து, சர்க்கார் பள்ளிகளில் புதிய பிரிவுகள் ஏற்படுத்த ஒரு திட்டம் வகுத்தது. ஸ்விட்ஜர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ராணுவ சேவைக்குப் போகிறவன் இழக்கும் சம்பாத்தியத்தை ஈடுசெய்ய 1940இல் அங்கே ஒரு நிதி ஏற்பட்டது. பிற்காலத்தில், இளைஞர் விளையாட்டுப் பயிற்சித் தலைவர்களாகப் பழகுகிறவர்களுக்கும், இளம் துப்பாக்கிப் பயிற்சியாளர்களுக்குக் கற்றுக் கொடுக்கப் பழகுகிறவர்களுக்கும் கூட அந்த ஈடு கிடைக்குமாறு செய்தார்கள். பயிற்சிக்குப் போன நாளின் கூலி போனவனுடைய நஷ்டமல்ல, தேசத்தின் செலவு என்பது அவர்கள் கணக்கு.

நம் மத்திய சர்க்கார் 2024இல் படையில் மேலும் மூன்று லக்ஷம் இடங்களைக் கூட்டி, மொத்தம் இருபது லக்ஷமாக்கத் தீர்மானித்தது. அந்தப் புதிய இடங்களில் தமிழ்நாட்டுக்கு வருவது முதலில் சர்க்கார் பள்ளிகளுக்கும், அதிலும் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். முகாமுக்கு வரும் ஏழை மாணவர்களுக்குப் போக்குவரத்துச் சத்தமும், நாட்கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் அவர்கள் பாங்குக் கணக்கிலேயே சேர வேண்டும். பணம் எங்கே என்றால், வல்லம் வடகாலிலேயே இருக்கிறது. யமஹாவும் ராயல் என்பீல்டும் மோட்டார் சைக்கிள் செய்யும் ஊர் அது; ஆகாய விமான உறுப்புகளுக்கென்று அங்கே பூங்காவும் அமைந்திருக்கிறது. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, லாபம் சம்பாதிக்கும் பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் அதற்குரிய காரியங்களில் ஒன்று. அதில் ஒரு சிறு பகுதியைக் கலெக்டர் வசமுள்ள பொது நிதியில் வாங்கி, முகாம் உதவிக்கென்று ஒதுக்கலாம். கம்பெனியின் பெயர் மட்டும் மாணவன் சட்டைமேல் ஏறக் கூடாது.

கட்டணம் வாங்கினால்தான் பிள்ளைகளுக்கு மதிப்புத் தெரியும் என்று ஒரு கனவான் சமீபத்தில் நம்மிடம் வாதாடினார். கல்யாணப் பந்தியில் எச்சில் இலை எடுத்துச் சம்பாதித்த நாளை விட்டுவிட்டு முகாமுக்கு வருகிறவன், வாசலில் நிற்கும்போதே அந்த மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறான் என்றோம். அவர் பேச்சை மாற்றிக்கொண்டார்.

காஞ்சீபுரம் ஜில்லாவில் படைப் பிரிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் சர்க்கார் பள்ளிகள் எவை, சுயநிதிப் பிரிவுகள் பெற்றோரிடம் வசூலிக்கும் தொகை எவ்வளவு என்ற இரண்டு விவரங்களையும் கல்வி இலாகா அடுத்த முகாமுக்கு முன்னரே பிரசுரிக்க வேண்டும். அசல் பிரிவு உள்ள பள்ளிகளின் ஜாபிதாவைப் பட்டாலியன் பெயருடன் ஒவ்வொரு ஊராட்சி ஆபீஸ் சுவரிலும் ஒட்ட வேண்டும். இந்த ஜாபிதா ஒட்டுவதற்கு எந்தக் கம்பெனியின் நன்கொடையும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.